மனுவும் சாட்சியமும்: மேலவளவு முதல் உத்தப்புரம் வரை



ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 30ஆம் நாள் வரும்போது மேலவளவை நினைக்கிறோம். வீரவணக்கம் செலுத்துகிறோம், முழக்கமிடுகிறோம், கலைந்து போகிறோம். இந்த நினைவுச் சொற்பொழிவில் அந்த நாளின் ஒரு சிறு விவரத்தை மட்டும் உங்கள்முன் வைத்து, அங்கிருந்து பேசலாம் என்று நினைக்கிறேன். 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் மதுரைக்கு வந்தது ஆட்சியர் அலுவலகத்துக்கு. தேர்தலையொட்டி எரிக்கப்பட்ட வீடுகளுக்கு இழப்பீடு கேட்டு வந்தார். அலுவல் முடித்து, உடனிருந்தவர்களோடு பேருந்தில் ஊர் திரும்பும் வழியில்தான் கொல்லப்பட்டார்கள். பட்டப்பகலில், பயணிகள் நிறைந்த பேருந்தை மறித்து.

கொலையின் கொடூரத்தைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் கேட்க விரும்புவது வேறொன்று. அந்தக் கொலைக்கு முன்பாக மேலவளவைப் பற்றி அரசுக்கு என்னென்ன தெரிந்திருந்தது?

எல்லாமே தெரிந்திருந்தது. 1996இல் அந்த ஊராட்சி ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்டது. மனுத்தாக்கல் செய்தவர்கள் மிரட்டப்பட்டு மனுக்களைத் திரும்பப் பெற்றார்கள். வீடுகள் எரிந்தன. முதலில் தேர்தல் நடக்கவில்லை. அடுத்த முறை வாக்குச்சாவடி தாக்கப்பட்டது. அந்த ஆண்டின் இறுதியில் போலீஸ் காவலோடு நடந்த தேர்தலில் முருகேசன் வென்றார். வென்ற பின்னும் அலுவலகத்துக்குப் போய் உட்கார முடியவில்லை. பாதுகாப்புக் கேட்டார். இவற்றில் எதுவும் இரகசியம் இல்லை. தள்ளிப்போன ஒவ்வொரு தேர்தலும் ஓர் அரசு ஆணை. எரிந்த ஒவ்வொரு வீடும் ஒரு வருவாய்த் துறைக் கோப்பு. தலைவரின் கோரிக்கை ஒரு மனு. ஆகவே மேலவளவில் சான்று இல்லாமல் போகவில்லை. சான்றைச் சேர்த்துப் படித்து, 'இங்கே ஒரு கொலை நடக்கப் போகிறது' என்று புரிந்துகொள்ளும் மனமும் கடமையும்தான் இல்லாமல் போயின.

இன்று 'சான்றின் அடிப்படையில் கொள்கை வகுக்க வேண்டும்' என்று பல்கலைக்கழகங்களும் அரசுத் துறைகளும் பேசுகின்றன. நல்ல பேச்சுதான். ஆனால் யாருடைய சான்று, யார் எழுதியது, யார் படிப்பது என்ற மூன்று கேள்விகளையும் அதனோடு சேர்த்துக் கேட்டாக வேண்டும். மதுரையையும் சுற்றியுள்ள சமவெளியையும் வைத்து அந்தக் கேள்விகளைப் பார்ப்போம்.

சான்று நமக்குப் புதியதல்ல

ஒடுக்கப்பட்டோர் இயக்கம் என்றால் உணர்ச்சி, ஆய்வு என்றால் மற்றவர்கள் என்றொரு நினைப்பு இருக்கிறது. வரலாறு அப்படி இல்லை. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். நிலம் இல்லாமை, கடன், குடியிருக்கும் மனையே அடுத்தவன் கையில் இருப்பது ஆகியவற்றைக் கண்டு எழுதிய அறிக்கை அது. அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30இல் 1010ஆம் எண் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றுவரை போராடும் சொத்தின் வேர் ஓர் அறிக்கைதான். அந்த நிலம் பிறகு யார் யார் கைக்குப் போனது என்பது, நல்ல அறிக்கையும் நல்ல ஆணையும் மட்டும் போதாது என்பதற்கான பாடம்.

அதே காலத்தில் இரட்டைமலை சீனிவாசன் பத்திரிகை நடத்தினார், கையெழுத்து வாங்கினார், மனு அனுப்பினார். அண்ணல் அம்பேத்கர் 1919இல் சவுத்பரோ குழுவின் முன்பும், 1928இல் சைமன் குழுவின் முன்பும், பிறகு வட்டமேசை மாநாட்டிலும் வைத்தவை முழக்கங்கள் அல்ல. எண்ணிக்கை, ஊர் விவரம், சட்ட வாதம் மூன்றும் கலந்த சாட்சியங்கள். சென்னை சட்டமன்றத்தில் 1924இல் ஒரு தீர்மானம் நிறைவேறியது. பொதுச்சாலை, கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றை எந்தச் சாதியினரும் பயன்படுத்தத் தடை இல்லை என்பது அதன் சாரம். அந்தப் போராட்டத்தோடு இரட்டைமலை சீனிவாசன், ஆர். வீரையன் ஆகியோரின் பெயர்கள் பிணைந்திருக்கின்றன. 1924ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உத்தப்புரத்துக்குப் போகும்போது அது தேவைப்படும்.

பதிவேடு யார் கையில்?

சான்று என்றாலே அது மக்களுக்கு நன்மை செய்யும் என்றும் நினைத்துவிடக் கூடாது. உசிலம்பட்டிப் பகுதியின் பெருங்காமநல்லூரை எடுத்துக்கொள்வோம். குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் பிறமலைக் கள்ளர் சமூகத்தின் ஆண்கள் தங்கள் கைரேகையைப் பதிவு செய்ய வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் வந்து படுக்க வேண்டும் என்று ஆங்கில அரசு நிர்ப்பந்தித்தது. மறுத்த மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தார்கள். பெயர், கைரேகை, பதிவேடு என்று அரசு அந்தச் சமூகத்தைப் பற்றிச் சேர்த்து வைத்த தகவலுக்கு அளவே இல்லை. அந்தச் சமூகத்தின் வாயிலிருந்து ஒரு சொல்கூட அதில் இல்லை. பிறப்பாலேயே குற்றவாளி என்ற முடிவை முதலில் எடுத்துவிட்டு, அதற்கேற்பப் பதிவேட்டை நிரப்பினார்கள். 1947இல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீக்கப்படும்வரை அதுவே நீடித்தது.

தலித் மேடையில் இதை ஏன் சொல்கிறேன் என்று சிலர் நினைக்கலாம். இரண்டு காரணங்கள். அநீதி யாருக்கு நடந்தாலும் அது நம் வரலாற்றின் பகுதி. அடுத்து, பெருங்காமநல்லூருக்கு எட்டும் தொலைவில்தான் பாப்பாபட்டியும் கீரிப்பட்டியும் இருக்கின்றன. பதிவேட்டின் கொடுமையை உடம்பில் அனுபவித்த ஒரு நிலப்பகுதியில், 76 ஆண்டுகள் கழித்து, இன்னொரு மக்களின் பெயர் வேட்பாளர் பட்டியலில் ஏறவிடாமல் தடுக்கப்பட்டது. ஒடுக்கப்பட்ட அனுபவம் தானாகவே ஒருவரை நியாயவானாக மாற்றிவிடுவதில்லை. இது புள்ளிவிவரத்தில் கிடைக்காத சமூக அறிவு. இதை அறியாமல் அந்த ஊர்களுக்குள் போகும் அதிகாரியும் தோற்பார், செயற்பாட்டாளரும் தோற்பார்.

சரியான காகிதம், பொய்யான கோப்பு

73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. 1996இல் மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளும், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தலும் ஒதுக்கீட்டுக்குள் வந்தன. அடுத்த பத்தாண்டுகள் அங்கே முறையான ஊராட்சித் தலைவர் கிடையாது.

அந்தப் பத்தாண்டுகளை ஒரு குமாஸ்தாவின் மேசையிலிருந்து பாருங்கள். தேர்தல் அறிவிக்கப்பட்டது: ஆணை இருக்கிறது. வேட்புமனு எவரும் தாக்கல் செய்யவில்லை: குறிப்பு இருக்கிறது. இன்னொரு முறை ஒருவர் தாக்கல் செய்து வெற்றி பெற்றார்: சான்றிதழ் இருக்கிறது. வென்ற கையோடு அவர் 'சொந்தக் காரணங்களுக்காக' விலகினார்: கடிதம் இருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது. மறுபடியும் தேர்தல் அறிவிப்பு. ஒவ்வொரு காகிதமும் சட்டப்படி சரி. ஆனால் முழுக் கோப்பும் பொய். 'மனுத்தாக்கல் இல்லை' என்ற இரண்டு சொற்களுக்குப் பின்னால் ஊர்க் கட்டுப்பாடு இருந்தது. மறுநாள் யார் நிலத்தில் கூலி வேலை, யார் கடையில் அரிசி, ஆடு மாட்டை யார் தரிசில் மேய்ப்பது என்ற கணக்கெல்லாம் அதற்குள் இருந்தது. அந்தக் கணக்கு எந்தப் படிவத்திலும் கேட்கப்படவில்லை.

இங்கேதான் சாட்சியம் வேலை செய்தது. இயக்கங்களும் கட்சிகளும் வழக்கறிஞர்களும் மனித உரிமை அமைப்புகளும் எழுத்தாளர்களும் அந்த ஊர்களுக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். 'ஏன் மனுப் போடவில்லை?' என்று காகிதம் கேட்காத கேள்வியைக் கேட்டார்கள். கிடைத்த விடைகளை மேடையிலும் பத்திரிகையிலும் சட்டமன்றத்திலும் பேசினார்கள். நான்கு சிற்றூர்களின் பெயர் தமிழ்நாடெங்கும் மனப்பாடம் ஆயிற்று. 2006 அக்டோபரில், உதயச்சந்திரன் மதுரை ஆட்சியராக இருந்தபோது, அங்கே தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றார்கள். வெறும் போலீஸ் பாதுகாப்பால் அது நடக்கவில்லை. அரசியல் உறுதி மேலிருந்து வந்தது. ஊரின் எல்லாத் தரப்பினரோடும் உட்கார்ந்து பேசும் பொறுமை கீழே இருந்தது. பத்தாண்டுப் போராட்டம் இரண்டுக்கும் அழுத்தம் கொடுத்தது. 2021 அக்டோபர் 2இல் ஒரு முதலமைச்சரே பாப்பாபட்டி கிராமசபையில் வந்து அமர்ந்தார். அந்த ஊரின் பெயருக்கு இருந்த எடை அப்படி.

ஆனால் மனநிறைவு கொள்ள வேண்டாம். தலைவர் பதவியேற்றார் என்பதோடு அரசின் கணக்கு முடிந்துவிடுகிறது. காசோலையில் யார் சொல்லிக் கையெழுத்து விழுகிறது, கண்மாய் ஏலத்தில் யார் வாய் திறக்கிறார்கள் என்பது நம் கணக்கு. அதை நாம்தான் எழுத வேண்டும்.

சுவரைக் கண்டுபிடித்த கேள்வித்தாள்

உத்தப்புரம் எழுமலைக்குப் பக்கத்தில், பேரையூர் வட்டாரத்தில் இருக்கிறது. 1989 மோதலை அடுத்து அங்கே எழுந்த சுவர் ஏறக்குறைய 600 மீட்டர் நீளம். சேரிப் பக்கத்து மக்கள் பொதுப்பாதைக்கு வரச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். 18 ஆண்டுகள் அந்தச் சுவர் நின்றது. வி.ஏ.ஓ. பார்த்தார், ஆசிரியர் பார்த்தார், தபால்காரர் பார்த்தார். தேர்தலுக்குத் தேர்தல் வாக்குக் கேட்டு வந்த எல்லோரும் பார்த்தார்கள். யாருக்கும் அது செய்தி இல்லை.

2008 தொடக்கத்தில் தீண்டாமை ஒழிப்பு முன்னணித் தோழர்கள் மதுரை மாவட்டக் கிராமங்களில் கேள்வித்தாளோடு இறங்கினார்கள். டீக்கடை, முடிதிருத்தும் கடை, கோயில், சுடுகாட்டுப் பாதை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதிந்தபோதுதான் அந்தச் சுவர், 'உள்ளூர் ஏற்பாடு' என்ற நிலையிலிருந்து 'தீண்டாமைச் சுவர்' என்ற பெயருக்கு வந்தது. ஏப்ரலில், சுவர்மேல் மின்சாரம் பாய்ச்சிய கம்பிகள் இருக்கின்றன என்ற செய்தி நாளேட்டில் வெளியானது. மே 6 அன்று மாவட்ட நிர்வாகம் சுவரின் ஒரு சிறு பகுதியை இடித்துப் பாதை திறந்தது. எதிர்ப்புத் தெரிவித்த ஆதிக்கச் சாதியினர் குடும்ப அட்டைகளை ஒப்படைத்துவிட்டு ஊரைவிட்டு வெளியேறி மலையடிவாரத்தில் போய்த் தங்கினார்கள். பாதை திறந்தது ஒருநாள் வேலை. அதன் பிறகு வழக்குகள், போலீஸ் தேடுதல்கள், அந்த ஆண்டு நவம்பரில் துப்பாக்கிச் சூட்டில் ஓர் உயிரிழப்பு என்று நம் மக்கள் கொடுத்த விலை பெரிது. 2011 நவம்பரில்தான் முத்தாலம்மன் கோயிலுக்குள் அவர்கள் நுழைய முடிந்தது.

இந்த வழக்கில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு காகிதம் உண்டு. சுவரை நியாயப்படுத்தியவர்கள் கையில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. 1989இல் இரு தரப்புப் பெரியவர்களும் கையெழுத்திட்டது. 'அவர்களே சம்மதித்ததுதான்' என்றார்கள். கையெழுத்து உண்மை. ஆனால் மோதலுக்குப் பின், அடிபட்டுப் பயந்து நிற்கும் ஒரு தரப்பு போட்ட கையெழுத்து எவ்வகைச் சம்மதம்? 1924லேயே பொதுப்பாதை எல்லோருக்கும் உரியது என்று சட்டமன்றம் சொல்லியிருந்தது. 1950இல் அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்திருந்தது. எந்த ஊர்க் கூட்டத்துக்கும் அவற்றைக் கையெழுத்துப் போட்டு மாற்றும் அதிகாரம் இல்லை. ஆவணத்தைப் படிக்கும்போது அதில் எழுதியிருப்பதோடு, அது எழுதப்பட்ட நாளின் அச்சத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கேள்வித்தாளுக்கும் இதே கதிதான். நான் மாணவனாக இருந்தபோது மதுரைக்குக் கிழக்கே ஒரு கிராமத்துக்குக் கணக்கெடுக்கப் போனோம். படிவத்தில் 'இரட்டைக் குவளை உண்டா?' என்று ஒரு கேள்வி. டீக்கடைக்காரர் இல்லை என்றார். எங்கள் கண்ணுக்கும் எல்லாம் ஒரே மாதிரிக் கண்ணாடிக் குவளைதான் தெரிந்தது. 'இல்லை' என்று எழுதிக்கொண்டோம். திரும்பும் வழியில் சேரியில் ஒரு பாட்டி கேட்டார்: "அந்தக் கடையில எங்காளு ஒருத்தன் பெஞ்சில உக்காந்து குடிச்சு நீங்க பாத்தீங்களா தம்பி?" பார்க்கவில்லை. நம் ஆட்கள் காசைக் கொடுத்துவிட்டு, நீட்டிய பிளாஸ்டிக் கப்பை வாங்கிக்கொண்டு சாலையோரம் போய்க் குடித்துவிடுகிறார்கள். குவளை ஒன்றாகிவிட்டது, பெஞ்சு இரண்டாகவே இருந்தது. எங்கள் படிவத்தில் பெஞ்சுக்கு இடமில்லை. அன்று அந்தப் பாட்டி சொல்லாமல் இருந்திருந்தால், அந்த ஊரில் தீண்டாமை இல்லை என்று நாங்களே சான்றிதழ் கொடுத்திருப்போம். கேள்வியைத் தயாரிக்கும் இடத்திலேயே அப்படிப்பட்ட பாட்டிகள் இருக்க வேண்டும் என்பதை அன்று கற்றேன்.

கதை சொல்வதன் பொறுப்பு

மதுரையைச் சேர்ந்த திவ்யபாரதி இயக்கிய 'கக்கூஸ்' ஆவணப்படம் 2017இல் வெளிவந்தது. கையால் மலம் அள்ளும் வேலையை 1993ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 2013இல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது. துப்புரவுப் பணியாளர்களின் இயக்கம் 2003இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியபோது, பல மாநிலங்கள் தங்களிடம் அந்த வேலையே இல்லை என்று மறுத்தன. இயக்கத்தார் ஊர் ஊராகப் படம் எடுத்துக் கொண்டுவந்து காட்டினார்கள். 2014 மார்ச் 27 தீர்ப்பில், 1993 முதல் கழிவுநீர்த் தொட்டிகளிலும் சாக்கடைகளிலும் இறந்தோரின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் தர நீதிமன்றம் ஆணையிட்டது. 2023இல் அது 30 லட்சமாக உயர்ந்தது. இவ்வளவுக்குப் பிறகும் 'எங்கள் ஊரில் இல்லை' என்ற பதில் அலுவலகங்களில் நின்றபாடில்லை. அந்தப் பதிலின் முன்னால் 'கக்கூஸ்' முகங்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. பல இடங்களில் திரையிட அனுமதி மறுத்தார்கள். இயக்குநர்மீது மிரட்டலும் வழக்கும் பாய்ந்தன. வெறும் எண்ணிக்கைக்கு யாரும் இவ்வளவு பதறுவதில்லை.

இருந்தாலும் கதைக்கும் ஆபத்து உண்டு. நம் துயரத்தைக் கேட்டுக் கண் கலங்குகிறவர், கலங்கியதோடு தன் கடமை முடிந்தது என்று போய்விடலாம். உண்மை அறியும் குழு வந்துபோன பிறகும் சாட்சி சொன்ன பெண் அதே ஊரில்தான் இருக்க வேண்டும். அவருடைய பெயரையும் படத்தையும் வெளியிடுமுன் அவர் சம்மதத்தை ஒன்றுக்கு இரண்டு முறை கேளுங்கள். ஒருவர் கதையை வாங்கிக்கொண்டு போனால், அதனால் என்ன நடந்தது என்று அவரிடம் திரும்பி வந்து சொல்லுங்கள். நம்மில் பலர் அப்படிச் செய்வதில்லை. நானும் செய்யத் தவறியிருக்கிறேன்.

சட்டத்துக்குள் நுழைந்த ஊர்கள்

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் மூன்றாம் பிரிவைப் படித்துப் பாருங்கள். தலித், பழங்குடியினரை வேட்புமனு தாக்கல் செய்யவிடாமல் தடுப்பதும், தாக்கல் செய்த மனுவைத் திரும்பப் பெற வைப்பதும் குற்றம். ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ கடமையைச் செய்யவிடாமல் தடுப்பதும் குற்றம். மேலவளவுக்காரருக்கும் பாப்பாபட்டிக்காரருக்கும் இந்த வரிகள் சட்டமாகத் தெரியாது, தங்கள் ஊரில் நடந்ததாகவே தெரியும். நாடெங்கும் இயக்கங்கள் ஆண்டுக்கணக்கில் வழக்கு வழக்காகத் தொகுத்து, பழைய சட்டத்தின் ஓட்டைகளைக் காட்டி வாதாடியதன் பலன் அந்தத் திருத்தம்.

2022இல் தீண்டாமை ஒழிப்பு முன்னணி 24 மாவட்டங்களில் 386 ஊராட்சிகளை ஆய்வு செய்தது. அவற்றில் 20 ஊராட்சிகளின் தலித் தலைவர்களால் தேசியக் கொடியை ஏற்ற முடியவில்லை என்றும், 22 ஊராட்சிகளில் தலைவருக்கு நாற்காலிகூட இல்லை என்றும் தெரிந்தது. அந்த ஆண்டு சுதந்திர தினத்துக்கு முன்பாகத் தலைமைச் செயலாளர் எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுதினார். தலித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதி செய்யச் சொல்லும் கடிதம். எளிய கணக்கெடுப்பு, சரியான நேரம், தெளிவான கோரிக்கை. கொள்கை இப்படியும் நகரும்.

இன்னொரு கதவும் இருக்கிறது, அதை நாம் போதுமான அளவு தட்டுவதில்லை. 1995ஆம் ஆண்டு விதிகளின்படி மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் குழு ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், கூட வேண்டும். வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளை முன்கூட்டியே அடையாளம் காண்பது அரசின் கடமை என்று அதே விதிகள் சொல்கின்றன. குழு கூடியதா, நடவடிக்கைக் குறிப்பு எங்கே என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போட 10 ரூபாய்தான் ஆகும். உங்கள் மாவட்டத்தில் இந்த மாதமே போடுங்கள்.

மாணவர்களே, மேலவளவு வழக்கில் 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2006இல் உயர் நீதிமன்றமும் 2009இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. சாட்சி சொன்ன எளிய மனிதர்களின் துணிச்சலால்தான் அது நடந்தது. 2019 நவம்பரில் அவர்களில் 13 பேரை அரசு முன்கூட்டியே விடுவித்தது. சாட்சிகள் அதே மண்ணில் அதே பேருந்தில் போய்வருகிறார்கள். விடுதலைக்கு முன் அந்தக் குடும்பங்களையும் சாட்சிகளையும் கேட்டு எழுதியிருந்தால் கோப்பில் என்ன இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

திங்கள்கிழமைதோறும் மதுரை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம் நடக்கிறது. உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் பேரையூரிலிருந்தும் நம் மக்கள் முதல் பேருந்து பிடித்து மனுவோடு வந்து வரிசையில் நிற்கிறார்கள். உங்களில் பத்துப் பேர் அங்கே போய், எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஊர், நாள், கோரிக்கை, பதில் என்று ஒரு நோட்டில் பதியுங்கள். மூன்று மாதம் கழித்து அந்த நோட்டைச் சேர்த்துப் படியுங்கள். எந்த ஊரிலிருந்து ஒரே கோரிக்கை திரும்பத் திரும்ப வருகிறது, எந்த ஊரிலிருந்து மனுவே வருவதில்லை என்று பாருங்கள். மனு வராத ஊருக்கு முதலில் போங்கள். முருகேசன் மனு கொடுக்க வந்த அலுவலகத்தில், அடுத்த மனுவையாவது ஒருவர் நேரத்தோடு படிக்கும்படி செய்ய நம்மால் முடியும்.